ஜானகி அம்மா பாட்டு மாலை: எல்லாப் பாலின ரசிகர்களும் பாடும்படி நடத்துவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற பாலக்காட்டு எல்லை ஊர்களில் எஸ். ஜானகியின் ரசிகர்கள் கூடும்போது மொழி ஒரு தடையே அல்ல. குண்டூர் மாவட்டத்தில் பிறந்த அவர் தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிப் பாடல்களுக்கும் தேசிய விருது பெற்றவர். பெண் குரல் வரிகளை யார் பாடுவது என்னும்போதுதான் தயக்கம் வருகிறது. அதை நீக்குவது நடத்துபவரின் பொறுப்பு.

பெயர்ப் பதிவில் ஆண், பெண் என்ற கட்டத்தை எடுத்துவிட்டுப் பெயர், பாடல், சுருதி ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். பாட வருபவர் எழுதித் தந்த பெயரையே மேடையில் அழையுங்கள்.

சுருதிக்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும். குரலின் சுருதி உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வார்கள். பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பாடுவது வழக்கம் என்பதற்காக, ஆளைப் பார்த்ததும் கட்டையை முடிவு செய்யாதீர்கள். திருநங்கையர் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மருந்து, பருவ வயதில் உடைந்த குரலை மீண்டும் உயர்த்துவதில்லை. திருநம்பியர் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, தம்மை ஆணாக உணர்பவர்கள்) எடுத்துக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குரல் நாண்களைத் தடிக்கச் செய்து குரலைத் தாழ்த்துகிறது, மருந்தை நிறுத்தினாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. குரல் மாறிவரும் மாதங்களில் பாட்டின் நடுவே பிசிறு தட்டுவதும் இயல்பே. ஆகவே கரோக்கி இசையின் சுருதியைச் சிறிது சிறிதாக இறக்கி, சரணத்தின் உச்ச வரியை முதல் நாளே தனியாகப் பாடிப் பார்க்க இடம் கொடுங்கள்; கூட்டத்தின் முன் முதன்முறையாகச் சோதிக்க வைப்பது கொடுமை.

ஜோடிப் பாடலை இரு பெண்கள் பாட விரும்பினால் பாடட்டும், அவர்களுக்குள் என்ன உறவு என்று கேட்க வேண்டாம். ஓர் ஆண் நாயகியின் வரிகளை உருகிப் பாடுவதை வைத்து அவர் யாரை விரும்புகிறார் என்று ஊகிக்கவும் முடியாது. ஒருவரின் பாலினம் வேறு, பாலீர்ப்பு வேறு, ஒரு குரலின்மேல் அவர் வைத்திருக்கும் பிரியம் வேறு. ஜானகி அம்மா குழந்தையாகவும் மூதாட்டியாகவும் குரலை மாற்றிப் பாடியபோது, அதை ரசிக்க நமக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. தொகுப்பாளரிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள். மேடையில் அவர் அடிக்கும் ஒரு கேலி, அடுத்துப் பாடக் காத்திருப்பவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

எல்லையின் இருபுறமும் உறவினர் இருக்கும் ஊர்களில், வாட்ஸ்அப்பில் போகும் ஒரு காணொளி பாடியவருக்கு முன்பே வீடு சேர்ந்துவிடும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் பெறுங்கள். தயங்குவோருக்கு ஒலிப்பதிவு மட்டும் போதும்.

மண்டபத்தார் ஆட்சேபித்தால் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்: தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றது, வயது வந்தோரிடையே விருப்பத்துடன் அமையும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018-இல் தீர்ப்பளித்தது, கேரள அரசு 2015-இலேயே திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட திருநருக்கான கொள்கையை வெளியிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் திரும்ப வேண்டியவர்களை முதலில் பாட வைத்து, கடைசிப் பேருந்துக்கு முன்பாக நிகழ்ச்சியை முடித்துவிடுங்கள்.