சிறு மாதிரி விமானத்துக்கு டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் அமைக்கும் முறை

புதிதாகக் கட்டிய மாதிரி விமானம் முதல் பறப்பிலேயே தரையில் மோதினால், பழியைக் காற்றின் மேலோ ஓட்டியவரின் கையின் மேலோ போடுவது வழக்கம். ஆனால் மைதானத்தில் நான் பார்த்த விபத்துகளில் பலவற்றுக்குக் காரணம் விமானம் வீட்டு மேசையில் இருந்தபோதே அதனுள் இருந்தது. தலைகீழாக அசைந்த ஒரு தகடு (விமானத்தைத் திருப்பும் அசையும் பகுதி), அமைக்காமல் விட்ட ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் இயங்கும் பாதுகாப்பு ஏற்பாடு), உடலுக்குள் சுருட்டித் திணித்த ஆன்டெனா ஆகியவையே அவை. மேசையில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் இவை மூன்றையும் தவிர்த்துவிடலாம். அந்த ஒரு மாலையில் செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, தொடக்கநிலையினர் பலர் வாங்கும் ஃப்ளைஸ்கை நிறுவனத்தின் எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டரையும் (கையில் பிடித்து ஓட்டும் கருவி) அதனுடன் வரும் ஐஏ6பி ரிசீவரையும் (விமானத்துக்குள் இருந்து சிக்னலை வாங்கும் பெட்டி), நான்கு சேனலில், அதாவது நான்கு தனித்தனிக் கட்டளைகளில், பறக்கும் ஒரு ஃபோம் பயிற்சி விமானத்தையும் எடுத்துக்கொள்கிறேன். வேறு நிறுவனத்தின் கருவியாக இருந்தால் பொத்தான்களும் மெனுவும் மாறுமே தவிர, வேலையின் ஒழுங்கு மாறாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் புரொபெல்லரைக் கழற்றி மேசையின் மறுகோடியில் வைத்துவிட வேண்டும். அமைக்கும் வேலை முடியும்வரை மோட்டார் எந்த நொடியிலும் எதிர்பாராமல் சுழலலாம். சிறிய மோட்டாரில் பூட்டிய எட்டு அங்குல புரொபெல்லர்கூட விரலை ஆழமாக வெட்டிவிடும். இதை மட்டும் ஒருபோதும் தளர்த்த வேண்டாம்.

அடுத்து இணைப்புகள். ரிசீவரின் ஒவ்வொரு சேனலுக்கும் மூன்று பின்கள் உண்டு. தகடுகளை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் பழுப்பு அல்லது கறுப்பு வயர் நெகட்டிவ், நடுவில் உள்ள சிவப்பு வயர் பாசிட்டிவ், ஆரஞ்சு அல்லது மஞ்சள் அல்லது வெள்ளை வயர் சிக்னல். எது எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது ரிசீவரின் உறைமேல் அச்சிடப்பட்டிருக்கும். பாசிட்டிவ் நடுவில் இருப்பதால், சர்வோவைத் திருப்பிச் சொருகினாலும் பொதுவாக எதுவும் எரிந்துபோகாது, சர்வோ அசையாமல் இருக்கும், அவ்வளவுதான். ஃப்ளைஸ்கையில் முதல் சேனல் ஐலரான் (இறக்கைகளில் உள்ள தகடுகள்), இரண்டாவது எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு), மூன்றாவது த்ராட்டில் (மோட்டாரின் வேகம்), நான்காவது ரட்டர் (மூக்கை இடமும் வலமும் திருப்பும் வால் தகடு). ஸ்பெக்ட்ரம் போன்ற சில நிறுவனங்களின் ரிசீவர்களில் த்ராட்டில்தான் முதலில் வரும் என்பதால், பழைய விமானத்தில் இருந்த வரிசையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சொருகக் கூடாது.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியின் வயரை மூன்றாம் சேனலில் சொருக வேண்டும். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தேவையான 5 வோல்ட் மின்சாரமும் அந்த வயர் வழியாகவே வருகிறது. இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி என்னும் சிறு சுற்று, 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியின் மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கிறது. ஆகவே அந்த லிப்போ பேட்டரியை எக்காரணம் கொண்டும் ரிசீவரில் நேரடியாகச் சொருகக் கூடாது.

இப்போது பைண்ட் செய்யும் வேலைக்கு வரலாம். அது எதற்காக என்று தெரிந்துகொண்டால் செய்வது எளிது. முன்பு 35 மெகாஹெர்ட்ஸ், 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் பறக்கவிட்ட காலத்தில், டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் அலைவரிசையைத் தீர்மானிக்கும், ஒரே எண்ணுள்ள கிரிஸ்டலைச் சொருகுவார்கள். அதே எண்ணில் மைதானத்தின் இன்னொரு மூலையில் வேறொருவர் தன் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால், வானில் இருக்கும் விமானம் ஓட்டியவரின் பிடியைவிட்டுப் போய்விடும். அதைத் தடுக்கவே கிளப்புகளில் ஒரு பலகை வைத்து, எந்த அலைவரிசை யார் கையில் இருக்கிறது என்பதைக் கிளிப்புகள் மாட்டிக் காட்டினார்கள். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனக்கே உரிய அடையாள எண் உண்டு. அந்த எண்ணை ரிசீவரின் நினைவில் பதிய வைப்பதே பைண்ட். அதன்பின் ரிசீவர் அந்த ஒரு டிரான்ஸ்மிட்டரின் பேச்சை மட்டுமே கேட்கும். அதனால்தான் ஒரே மைதானத்தில் பலர் பலகையின்றிப் பறக்கவிட முடிகிறது. இந்தியாவில் இந்த அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளைப் பயன்படுத்த 2005 முதல் உரிமம் தேவையில்லை.

ஐஏ6பியைப் பைண்ட் செய்ய, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்துவிட்டு, உடன் வந்த குட்டை பைண்ட் வயரை ரிசீவரின் பி/விசிசி என்று எழுதிய இடத்தில் சொருக வேண்டும். பிறகு விமானத்தின் பேட்டரியை இணைத்தால் ரிசீவரின் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டும். த்ராட்டில் ஸ்டிக்கை அடிவரை இறக்கி, டிரான்ஸ்மிட்டரின் பைண்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே அதை ஆன் செய்ய வேண்டும். சில நொடிகளில் சிமிட்டல் நிதானமாகும். அப்போது பைண்ட் வயரைக் கழற்றி, இரண்டையும் ஆஃப் செய்து, முதலில் டிரான்ஸ்மிட்டரையும் பிறகு விமானத்தையும் ஆன் செய்தால், ரிசீவரின் விளக்கு அசையாமல் எரியும். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், மெனுவில் ஏஎஃப்ஹெச்டிஎஸ் 2ஏ என்ற சிக்னல் முறை தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். த்ராட்டிலை இறக்கி வைக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு: பைண்ட் செய்யும் நேரத்தில் ஸ்டிக் இருக்கும் நிலையையே ஃபெயில்சேஃபாக மனத்தில் வைத்துக்கொள்ளும் ரிசீவர்களும் இருக்கின்றன.

சர்வோவின் கையைப் பூட்டுவதில் அவசரப்படுபவர்கள் அதிகம். டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஆனில் இருக்க, எல்லா டிரிம்களும் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் பொத்தான்கள்) சப்-டிரிம்களும் (அதையே மெனுவில் செய்யும் திருத்தம்) பூஜ்யத்தில் இருக்க, சர்வோ நடுநிலையில் நிற்கும்போதுதான் கையை மாட்ட வேண்டும். சர்வோவின் கையையும் தகட்டையும் இணைக்கும் தள்ளுகம்பிக்குச் செங்குத்தாக அது நிற்க வேண்டும். சர்வோ தண்டின் பற்கள் காரணமாகச் சரியான 90 பாகையில் பொருந்தாமல் சற்றுச் சாய்ந்து நிற்கும். அப்போது கையைக் கழற்றி, அதன் மறுமுனையையோ வேறொரு கையையோ பொருத்திப் பார்த்தால், ஏதோ ஒரு நிலையில் செங்குத்துக்கு மிக அருகில் வரும். பிறகு கம்பியின் முனையில் உள்ள கிளெவிஸ் என்னும் கொக்கியைத் திருகி, தகட்டை இறக்கையோடு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குமேல் எஞ்சும் மயிரிழை வித்தியாசத்துக்கு மட்டுமே சப்-டிரிம். கம்பியில் திருத்த வேண்டியதை மெனுவில் திருத்தினால், தகடு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அசையும். வானில் அந்த விமானம் இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் வேறுவிதமாகவும் திரும்பும்.

அடுத்தது திசை. இந்த ஒன்றுக்கு நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செலவிடுவேன். விமானத்தின் பின்னால், அதன் வால் உங்கள் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ள வேண்டும். இந்தியாவில் பெரும்பாலோர் பயன்படுத்தும் ‘மோட் 2’ என்னும் ஸ்டிக் அமைப்பில் வல ஸ்டிக்கில் ஐலரானும் எலிவேட்டரும், இட ஸ்டிக்கில் த்ராட்டிலும் ரட்டரும் இருக்கும். வல ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால், வல இறக்கையின் ஐலரான் மேலே எழும்ப வேண்டும், இட இறக்கையின் ஐலரான் கீழே இறங்க வேண்டும். அதே ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே வர வேண்டும். இட ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ரட்டரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மாறி அசைந்தால் மெனுவில் ரிவர்ஸ் என்ற இடத்தில் அந்தச் சேனலை மட்டும் மாற்றினால் போதும். தகடு அசைகிறதா என்பதோடு நின்றுவிடாமல், எந்தப் பக்கம் அசைகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பல் தேய்ந்த எலிவேட்டர் சர்வோ ஒன்றை மாற்றிவிட்டு, பழையது இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அதன் கையை மாட்டினேன். மைதானத்தில் ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்தேன், வால் அசைந்தது, திருப்தியாக இருந்தது. கையால் எறிந்ததும் மூக்கு சற்றே தாழ்ந்தது, தூக்குவதற்காக ஸ்டிக்கை இழுத்தேன், அது இன்னும் தாழ்ந்தது, இன்னும் இழுத்தேன். எறிந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் மூக்கு மண்ணில் புதைந்து, மோட்டார் பூட்டிய பலகை பிய்ந்து வந்தது. வானில் அந்த இரண்டு நொடியில் யாராலும் மாற்றி யோசிக்க முடியாது. அன்று முதல் எந்தச் சர்வோவைத் தொட்டாலும் திசையைப் புதிதாகப் பார்க்கிறேன்.

எவ்வளவு அசைய வேண்டும் என்பது விமானத்தைப் பொறுத்தது. கிட்டோடு வந்த தாளில் மில்லிமீட்டர் கணக்கு இருந்தால், ஓர் அளவுகோலைத் தகட்டின் பின்விளிம்பருகே நிறுத்தி அதையே வைக்கலாம். ஒரு ஸ்விட்சில் முழு அசைவும் அதன் மறுநிலையில் அறுபது, எழுபது விழுக்காடும் வரும்படி டியூயல் ரேட் அமைத்து, முதல் பறப்புக்குக் குறைந்ததையே எடுக்க வேண்டும். எக்ஸ்போ முப்பது விழுக்காடு அளவில் இருந்தால், ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகி, நடுங்கும் விரலுக்கு உதவும். ஆனால் மென்மைக்குக் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது: ஃபுடாபாவில் கழித்தல், ஸ்பெக்ட்ரமில் கூட்டல். திரையில் தெரியும் வளைகோடு நடுவில் படுத்தாற்போல இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வதே பிழையற்ற வழி.

இஎஸ்சிக்கு ஸ்டிக்கின் அடியும் உச்சியும் எவை என்று கற்பிக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, த்ராட்டிலை உச்சியில் வைத்து, விமானத்தின் பேட்டரியை இணைத்து, மோட்டார் பீப் ஒலி எழுப்பியதும் ஸ்டிக்கை அடிக்கு இறக்கினால், பெரும்பாலான இஎஸ்சிகள் அதை மனத்தில் ஏற்றிக்கொள்ளும். புரொபெல்லரைக் கழற்றச் சொன்னது முக்கியமாக இந்தக் கட்டத்துக்காகத்தான். கையோடு த்ராட்டில் ஹோல்டையும் ஒரு ஸ்விட்சுக்குக் கொடுத்துவிட்டால், விமானத்தைக் கையில் தூக்கி நடக்கும்போது சட்டை பட்டு ஸ்டிக் நகர்ந்தாலும் மோட்டார் சுழலாது.

சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்பதே ஃபெயில்சேஃப். மோட்டார் நிற்க வேண்டும், தகடுகள் நடுநிலைக்கு வர வேண்டும். கட்டுப்பாடு இழந்த விமானம் முழு வேகத்தில் ஊருக்குள் போவதைத் தடுப்பது இது ஒன்றுதான். எஃப்எஸ்-ஐ6இல் சிஸ்டம் மெனுவுக்குள் ஆர்எக்ஸ் செட்டப், அதற்குள் ஃபெயில்சேஃப் என்று போய், மூன்றாம் சேனலைத் தேர்ந்து, ஆன் ஆக்கி, த்ராட்டில் ஸ்டிக்கை அடியில் பிடித்தபடி கேன்சல் பொத்தானை நீளமாக அழுத்திச் சேமிக்க வேண்டும். இந்தக் கருவியில் சேமிப்பது கேன்சலை நீளமாக அழுத்தித்தான். ஓகே அழுத்திவிட்டு வெளியே வந்தவர்கள் சேமித்ததாகவே நம்பியிருப்பார்கள். சேமித்தபின் சோதிக்காமல் விடக் கூடாது. விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, பாதி த்ராட்டிலில் மோட்டாரை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்ய வேண்டும். ஓரிரு நொடியில் மோட்டார் நின்றால்தான் அமைப்பு சரி.

ரிசீவரை உடலுக்குள் வைக்கும்போது ஆன்டெனாவின் நுனியைக் கவனிக்க வேண்டும். மெல்லிய வயரின் கடைசி 31 மில்லிமீட்டர் மட்டும் உறை நீங்கித் தெரியும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு அது. அலையைப் பிடிப்பது அந்தத் துண்டுதான் என்பதால் அதை வெட்டவோ மடக்கவோ கூடாது. ஆன்டெனா தன் நுனி நீளும் திசையில் மிகக் குறைவாகவே கேட்கும். ஆகவே இரண்டு ஆன்டெனாக்களையும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் டேப்பால் ஒட்டினால், விமானம் எப்படித் திரும்பினாலும் ஒன்றாவது கேட்கும். பேட்டரி, இஎஸ்சி, கார்பன் குழாய் ஆகியவற்றிலிருந்து அவை விலகி இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்கும் இதே விதிதான்: அதன் ஆன்டெனாவை ஈட்டிபோல விமானத்தை நோக்கிக் காட்டக் கூடாது.

மின்சாரம் போதுகிறதா என்பதையும் மேசையிலேயே அறியலாம். ஐஏ6பி தனக்கு வரும் மின்னழுத்தத்தை டிரான்ஸ்மிட்டரின் திரைக்கு அனுப்புகிறது. இரண்டு ஸ்டிக்குகளையும் மாவு பிசைவதுபோல வேகமாகச் சுழற்றி, எல்லாச் சர்வோக்களையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கியபடி அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். 5 வோல்ட்டை ஒட்டியே நின்றால் நல்லது. 4.5க்குக் கீழே சரிந்தால், எங்கோ ஒரு தகடு இடிக்கிறது, அல்லது பிஇசி அந்தச் சர்வோக்களுக்குப் போதாது. ரிசீவர் நடுவானில் ஒரு கணம் அணைந்து எழுவது பெரும்பாலும் இதனால்தான்.

மைதானம் எங்கே என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசு இணையதளத்தின் வரைபடத்தில் இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

அங்கே போனதும் தொலைவுச் சோதனை. டிரான்ஸ்மிட்டரில் திறனைக் குறைக்கும் சோதனை முறை இருந்தால் அதைத் தேர்ந்து, விமானத்தைத் தரையில் விட்டு, முப்பது காலடி நடந்துபோய்த் தகடுகள் தடையின்றி அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த முறை இல்லாத கருவியில், நண்பர் ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பறக்கவிடப்போகும் தூரம்வரை நடந்து பார்க்கலாம்.

ஆன் செய்யும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானம். ஆஃப் செய்யும்போது முதலில் விமானம், பிறகு டிரான்ஸ்மிட்டர். பேட்டரியை இணைக்கும் முன் திரையில் சரியான விமானத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே டிரான்ஸ்மிட்டரில் பல விமானங்களைச் சேமித்திருப்பவர்களுக்கு இது மிக அவசியம்.

முதல் பறப்பில் விமானம் நேராகப் போகும்வரை டிரிம் பொத்தான்களை அழுத்தியிருப்பீர்கள். இறக்கிய பிறகு அந்த நிலையைக் கலைக்காமல், திரையில் எத்தனை கிளிக் என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து கிளிக்குக்கு மேல் போயிருந்தால், தகடு இப்போது நிற்கும் மட்டத்தை அளந்து, டிரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதே மட்டம் வரும்வரை கிளெவிஸைத் திருகி, மீண்டும் ஒருமுறை பறக்கவிட்டுப் பாருங்கள்.