சொகுசுக் கப்பலின் இரவு விருந்துக்குக் குறைந்த செலவில் நேர்த்தியாக உடுத்துவது எப்படி?

சிங்கப்பூரின் மரினா பே கப்பல் முனையத்திலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்வரும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் தமிழ்க் குடும்பங்களைக் காண்பது இப்போது அரிதல்ல. பயணச்சீட்டு எடுக்கும்வரை உற்சாகமாக இருப்பவர்கள், கப்பல் நிறுவனத்தின் குறிப்புகளில் ‘ஃபார்மல் நைட்’ (விழா உடையில் விருந்துக்கு வர வேண்டிய இரவு) என்ற வரியைப் படித்ததும் கலங்கிவிடுகிறார்கள். உடனே ஆண்களுக்குப் புதுக் கோட்டு, பெண்களுக்குத் தரையைத் தொடும் கவுன், குழந்தைகளுக்கு ‘போ டை’ கட்டிய சட்டை என்று செலவு ஏறத் தொடங்குகிறது. ஊர் திரும்பிய பிறகு அந்தக் கவுனை உடுத்த இன்னொரு சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. கல்யாணமும் காட்சியுமாக வாழும் நம் வீட்டு அலமாரியில் கப்பல் விருந்துக்கு வேண்டியவற்றுள் முக்கால்வாசி ஏற்கெனவே இருக்கின்றன என்பதும், அவற்றைத் தேர்ந்து, திருத்தி, கசங்காமல் கொண்டுபோவதற்கு மட்டுமே சிறிது செலவு செய்தால் போதும் என்பதும் என் கருத்து.

எந்த இரவுக்கு என்ன உடை

எல்லா இரவுகளும் ஃபார்மல் இரவுகள் அல்ல. ராயல் கரீபியன் கப்பல்களில் ஐந்து இரவு வரையிலான பயணத்தில் பொதுவாக ஒரே ஒரு ஃபார்மல் இரவும், ஒரு வாரப் பயணத்தில் இரண்டும் இருக்கும். கார்னிவல் நிறுவனம் இதையே ‘எலிகன்ட்’ இரவு என்றும், செலிபிரிட்டி நிறுவனம் ‘ஈவ்னிங் ஷிக்’ என்றும் அழைக்கின்றன. நார்வீஜியன் நிறுவனத்தின் கப்பல்களில் விரும்புகிறவர்கள் அலங்கரித்துக்கொள்ளலாம், விரும்பாதவர்கள் விட்டுவிடலாம். மறுபுறம், கியூனார்ட் நிறுவனம் பழைய மரபை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொண்டிருக்கிறது; அதன் ‘காலா’ மாலைகளில் ஆண்கள் டக்ஸீடோவோ (‘போ டை’யுடன் அணியும் விருந்துக் கோட்டு) அடர்நிறச் சூட்டோ அணிய வேண்டும், அல்லது தங்கள் நாட்டின் மரபான விழா உடையில் வரலாம். ஆகவே, கடைக்குக் கிளம்புவதற்கு முன் உங்கள் கப்பலின் உடை விதியை நிறுவனத்தின் தளத்தில் படித்துவிடுங்கள். கப்பலில் ஏறிய பிறகு, அன்றைய மாலைக்குரிய உடை எது என்பதை அறைக்கு வரும் தினசரித் தாளோ கைப்பேசிச் செயலியோ சொல்லிவிடும்.

ஏறுகிற நாள் இரவு பெரும்பாலும் சாதாரண உடைக்கானது. பெரிய பெட்டிகளைக் கப்பல் ஊழியர்கள் அறைதோறும் கொண்டுசேர்ப்பதற்குள் மாலையாகிவிடுவதுண்டு என்பதே இதற்குக் காரணம். எனவே முதல் இரவுக்கான மாற்றுடையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஃபார்மல் இரவு பல பயணங்களில் இரண்டாம் நாளில் வரும். மற்ற இரவுகளுக்கு, ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டையும் முழுக்கால்சட்டையும், பெண்களுக்குச் சல்வாரோ குர்தாவோ காட்டன் சேலையோ தாராளமாகப் போதும். நீச்சலுடை, கையில்லாத பனியன், தொப்பி, குளியலறைச் செருப்பு ஆகியவற்றோடு பிரதான உணவுக்கூடத்துக்குள் போக முயலாதிருந்தால் சரி. அலங்காரமே வேண்டாம் என்று தோன்றுகிற இரவில், கூடுதல் கட்டணம் இல்லாமல் பஃபே கூடத்தில் சாதாரண உடையில் உண்ணலாம்.

சேலையே சிறந்த ஃபார்மல்

கப்பல் விருந்தில் பட்டுச்சேலைக்கு நிகரான உடை வேறில்லை. ஐநூறு பேர் கறுப்பு கவுனில் அமர்ந்திருக்கும் கூடத்தில் அரக்கு நிறச் சேலை தனித்துத் தெரியும். அதற்கு நீங்கள் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க மாட்டீர்கள். ஆயினும் எந்தப் பட்டு என்பதில் கவனம் வேண்டும். கனத்த ஜரிகையுள்ள காஞ்சிபுரம் முகூர்த்தச் சேலை ஒரு கிலோவைத் தாண்டுவதுண்டு. குறைந்த கட்டண விமானங்களில் பெட்டியின் ஒவ்வொரு கிலோவுக்கும் விலை இருக்கிறது. அதன் மடிப்புகளைச் சிறிய கப்பல் அறையில் நின்று ஒழுங்குபடுத்துவதும் எளிதன்று. சிறுமுகை நெசவாளர்களின் சாஃப்ட் சில்க் அல்லது மெல்லிய ஆரணிப் பட்டு இதற்குப் பொருத்தமானது: எடை குறைவு, உடலோடு படிந்து நிற்கும், கையளவு இடத்தில் மடித்து வைக்கலாம். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கோ-ஆப்டெக்ஸ் கடைகளின் தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் வாங்குவது சிக்கனம். பளபளக்கும் செயற்கைப் பட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தில் அது தன் விலையைத் தானே சொல்லிவிடும். அதைவிட மங்கலான நிறத்தில் ஒரு கிரேப் சேலையோ ஜார்ஜெட் சேலையோ பல மடங்கு கண்ணியமாக இருக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். உணவுக்கூடங்களில் பெரும்பாலும் மஞ்சள் கலந்த மங்கிய வெளிச்சமே இருக்கும் என்பதால், பகலில் அழகாகத் தெரிகிற வெளிர் ரோஜாவும் சந்தன நிறமும் அங்கே சோகையாகிவிடுகின்றன. பாட்டில் பச்சை, கருநீலம், அரக்கு, கத்தரிப்பூ நிறம் போன்ற அடர்நிறங்கள் அந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் ரவிக்கை. பழைய சேலையைப் புதியதாக்குவது அதன் தையல்தான். கறுப்பிலோ மங்கிய பொன்னிறத்திலோ படகுக்கழுத்தும் முழங்கை வரையிலான கையும் வைத்து, உடலுக்குச் சரியாகப் பொருந்தும்படி ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டால், அது மூன்று சேலைகளுக்கு ஈடுகொடுக்கும். மேலும், அந்தக் கூடங்களில் குளிரூட்டி கடுமையாக இருக்கும் என்பதால் கை நீளமான ரவிக்கை குளிருக்கும் உதவும். பழைய பட்டுச் சேலையின் முந்தானையை வெட்டிச் சால்வையாகத் தைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

சேலை கட்டிப் பழக்கமில்லாத இளம்பெண்கள், ஊரிலேயே கொசுவமும் முந்தானை மடிப்பும் வைத்து, தேய்த்து, பின் குத்தி மடித்துத் தருகிறவர்களிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இப்போது பல அழகு நிலையங்களில் இந்தச் சேவை கிடைக்கிறது. கப்பல் அறையில் ஐந்தே நிமிடத்தில் உடுத்திவிடலாம். கப்பல் ஆடும்போது படிகளில் கால் இடறாதிருக்க, கொசுவத்தின் அடிப்பகுதி கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி கட்டுங்கள். மேல்தளத்தில் காற்று பலமாக வீசும் என்பதால் முந்தானையைத் தோளில் இரண்டு இடங்களில் பின் குத்திக்கொள்ளுங்கள். ஊசிமுனைக் குதிகால் செருப்பைவிடத் தட்டையான, மினுமினுப்பான செருப்பே ஆடும் தரைக்கு ஏற்றது.

நகையை வீட்டில் வைத்துவிட்டு வருவதே நல்லது. நிறையத் தங்கம் அணிந்து நாட்டைவிட்டுப் போகிறவர்கள், திரும்பும்போது சுங்கத்தில் கேள்வி எழாதிருக்க, புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அலுவலரிடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டியிருக்கும். ஒரு இரவு விருந்துக்கு அந்த அலைச்சல் எதற்கு? கவரிங் நகையில் ஒரே ஒரு பெரிய பொருளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஜிமிக்கி பெரிதாக இருந்தால் கழுத்து வெறுமையாக இருக்கட்டும். கழுத்தில் அட்டிகை இருந்தால் காதில் சிறு கல் போதும்.

ரிசப்ஷன் கோட்டைத் தேடி எடுங்கள்

மணமான தமிழ் ஆண்களில் பெரும்பாலோரிடம், வரவேற்புக்குத் தைத்து ஒரே மாலையில் அணிந்து கழற்றிய கோட் சூட் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். அதுவே உங்கள் ஃபார்மல் உடை. உடம்பு பெருத்திருந்தால், தையற்காரரிடம் கொண்டுபோய் உள்தையலில் எவ்வளவு துணி மிச்சம் விட்டிருக்கிறது என்று பாருங்கள். கால்சட்டையின் இடுப்பை ஓரிரு அங்குலம் விரித்துத் தைப்பது எளிய வேலை. கோட்டின் இடுப்பையும் ஓரளவு தளர்த்தலாம். ஆனால் தோள் பொருந்தவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான். தோளைத் திருத்தும் கூலிக்கு வேறு கோட்டே வாடகைக்கு எடுத்துவிடலாம். மினுக்கும் பொத்தான்களும் கழுத்துப்பட்டையில் கல்வேலையும் உள்ள மாப்பிள்ளைக் கோட்டாக இருந்தால், பொத்தான்களை மட்டும் சாதாரணக் கறுப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த ஒரு மாற்றமே அதை மேடையிலிருந்து இறக்கி மேசைக்குக் கொண்டுவந்துவிடும்.

கோட்டே இல்லாதவர்கள் முழுச் சூட் வாங்க வேண்டாம். கருநீல பிளேசர் ஒன்று, சாம்பல் நிறக் கால்சட்டை ஒன்று, வெள்ளைச் சட்டை இரண்டு ஆகியவற்றைக் கொண்டு நான்கு இரவுகளையும் கடத்திவிடலாம். ஃபார்மல் இரவில் பிளேசரோடு டை, இன்னோர் இரவில் டை இல்லாமல், மற்ற இரவுகளில் பிளேசரே இல்லாமல். திருப்பூர், ஈரோடு பக்கம் உறவினர் இருப்பவர்களுக்கு ஏற்றுமதி மிச்சத்தில் நல்ல சட்டைகள் மலிவாகக் கிடைக்கும். மனைவியின் ரவிக்கைத் துணியில் வெட்டியது போக மிஞ்சும் துண்டை ஓரம் அடித்துக் கோட்டின் மேல்பையில் செருகிக்கொண்டால், கணவன் மனைவி உடைகளுக்குள் ஒரு பொருத்தம் செலவில்லாமல் வந்துவிடும். ஷூவும் பெல்ட்டும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். ஷூவைக் காலில் போட்டபடியே விமானம் ஏறினால் பெட்டியின் எடை குறையும்.

வேட்டி கட்டிப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப் ஒன்றுக்குள் வேட்டி அணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி 2014-இல் தடுக்கப்பட்டதும், அதே ஆண்டில் அத்தகைய தடைகளை நீக்கித் தமிழக அரசு சட்டம் இயற்றியதும் நினைவிருக்கலாம். அந்தச் சட்டம் நடுக்கடல் வரை வராது. என்றாலும், மரபான தேசிய உடையை விழா உடையாக ஏற்கும் வழக்கம் பல கப்பல்களில் இருப்பதால், ஜரிகைக் கரையிட்ட பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அங்கே கௌரவமான உடைதான். ஐயம் இருந்தால் முன்கூட்டியே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நழுவும் என்ற பயம் உள்ளவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி இருக்கிறது. காலில் மட்டும் ரப்பர் செருப்பு வேண்டாம். தோல் செருப்பு அணிய வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டுவதையும் அந்த ஒரு மாலைக்கு மறந்துவிடுங்கள்.

குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடையும் குர்தாவும் போதும். ஆறு மாதத்தில் சிறிதாகிவிடப்போகும் கோட்டுக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

கசங்காமல் கொண்டுசெல்வது

இஸ்திரிப் பெட்டியையும் நீராவியால் தேய்க்கும் கருவியையும் கப்பலுக்குள் கொண்டுபோக முடியாது. தீ விபத்து அச்சத்தால், ஏறும்போது நடக்கும் சோதனையில் அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். கப்பலின் சலவைப் பிரிவில் தேய்க்கக் கொடுக்கலாம். ஆனால் ஒரு சட்டைக்கு வாங்கும் கட்டணத்தில் நம் ஊர் இஸ்திரி வண்டியில் ஒரு கூடைத் துணியைத் தேய்த்துவிடலாம். எனவே எல்லாவற்றையும் ஊரிலேயே தேய்த்து, சேலைகளையும் கோட்டையும் பழைய மெல்லிய பருத்தித் துண்டில் சுற்றி, பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். அறைக்குப் பெட்டி வந்து சேர்ந்தவுடன், மற்ற வேலைகளுக்கு முன்னால் அவற்றை எடுத்துத் தொங்கவிடுங்கள். கப்பல் அறையின் சுவர்கள் பெரும்பாலும் இரும்பாலானவை என்பதால், காந்தக் கொக்கிகள் நான்கு கொண்டுபோனால் அலமாரியில் இடம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. சட்டையிலும் கோட்டிலும் சிறு சுருக்கங்கள் இருந்தால், வெந்நீரில் குளிக்கும்போது குளியலறைக் கதவின் உட்புறம் தொங்கவிட்டால் ஆவியில் தளர்ந்துவிடும். பட்டுக்கு இந்த வழி ஆகாது. நீர்த்துளி பட்டால் கறை விழும்.

விருந்தில் எண்ணெயோ வெண்ணெயோ சேலையில் சிந்திவிட்டால் தேய்க்காமல் காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, அறைக்குப் போனதும் முகப்பவுடரைத் தூவி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். எண்ணெயைப் பவுடர் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தை ஊரில் டிரைகிளீனிங்குக்குக் கொடுத்துச் சரிசெய்யலாம்.

ஃபார்மல் இரவில் கப்பலின் புகைப்படக்காரர்கள் படிக்கட்டுகளிலும் திரைச்சீலைகளின் முன்னாலும் நின்று படம் எடுப்பார்கள். அவர்கள் முன் நிற்பதற்குக் கட்டணம் இல்லை. படத்தை வாங்கினால்தான் விலை, அதுவும் சற்று அதிகமான விலை. மாலை வெயில் இருக்கும்போதே உடுத்திக்கொண்டு மேல்தளத்துக்குப் போய், கைப்பேசியில் நீங்களே எடுத்துக்கொள்ளும் படங்கள் பெரும்பாலும் அவற்றைவிட நன்றாக அமையும்.

கடைசி இரவில் ஒரு எச்சரிக்கை. மறுநாள் இறங்குவதற்காகப் பெரிய பெட்டிகளை அன்றிரவே அடையாளச் சீட்டுக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். விருந்து முடிந்து வந்ததும் உடையை மாற்றி, மடித்துப் பெட்டியில் வைக்கும் அவசரத்தில், மறுநாள் காலைக்கான உடையையும் செருப்பையும் சேர்த்து உள்ளே போட்டுவிடாதீர்கள். அவற்றை விருந்துக்குக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துக் கைப்பையில் வைத்துவிடுங்கள். பெட்டிகள் இனி முனையத்தில்தான் கைக்கு வரும்.