கையில் எத்தனை வேலை? மூன்று பேர் குழுவுக்கு லீன் முறை

கோத்தகிரியில் நாங்கள் மூன்று பேர். தேயிலைக் கொழுந்து வாங்கும் ஏஜென்ட்டுகளுக்கு எடை பதிந்து சீட்டு அடித்துக் கொடுக்கும் ஆப் ஒன்றை எழுதிப் பராமரிக்கிறோம். மழை நாளில் இலை நனைந்து வந்தால் தண்ணீருக்காக எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். சாக்கு எடையும் கழியும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சீட்டில் அடித்துக்கொண்டிருந்தோம். "ரெண்டையும் தனித்தனியா போட்டுக் குடுங்க தம்பி, தோட்டக்காரங்க தினமும் எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க" என்று ஒரு ஏஜென்ட் அண்ணன் போனில் கேட்டார். சீட்டில் ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான். அது அவர் கைக்குப் போய்ச் சேர 38 நாள் ஆனது.

அந்த வெட்கத்தில்தான் லீன் முறையை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். டொயோட்டா ஆலையில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த உற்பத்தி முறைக்கு 1988-ல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் வைத்த பெயர் இது. ஓனோ சொன்ன வீண்கள், அதாவது பலன் தராமல் நேரத்தையும் உழைப்பையும் தின்பவை, ஏழு. ஏழையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மென்பொருள் எழுதும் சின்னக் குழுவை இரண்டுதான் கொல்கின்றன: பாதியில் நிற்கும் வேலை, காத்திருப்பு. கீழே உள்ளதெல்லாம் அந்த இரண்டைப் பற்றித்தான். கிட் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி), தானியங்கிச் சோதனை இதெல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரே ஒரு வேலையின் பயணத்தை எழுதுங்கள்

சமீபத்தில் முடித்த ஒரு வேலையை எடுங்கள். கேட்ட நாள் முதல் கேட்டவர் பயன்படுத்திய நாள் வரை என்ன நடந்தது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எங்கள் ஈரக் கழிவு வரியின் கதை இது: என் நோட்டில் 12 நாள் தூங்கியது. கோடு (நிரல்) எழுத 4 மணி நேரம். ரிவ்யூவுக்காக, அதாவது இன்னொருவர் அதைப் படித்துச் சரிபார்க்க, 6 நாள் நின்றது. ரிவ்யூ அரை மணி, அதில் வந்த திருத்தம் ஒன்றரை மணி. மாதாந்திர ரிலீஸுக்காக (புதுப் பதிப்பை வெளியிடுவது) 15 நாள். அப்புறம் அவருடைய டேப்லெட்டில் ஏற 4 நாள். காத்திருப்பு மட்டும் 37 நாள், வேலை 6 மணி நேரம்.

இதைப் பார்க்கும்வரை "இன்னும் வேகமாக டைப் செய்யணும்" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 6 மணி நேரத்தை 3 ஆக்கியிருந்தாலும் அண்ணனுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

படி 2: போர்டு

எல்லா வேலையும் கண்ணில் பட ஒரு போர்டு வையுங்கள். நான்கு கட்டம் போதும்: அடுத்தது, எழுதுவது, ரிவ்யூ, வெளியே போனது. கையில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு, அதில் தொடங்கிய தேதி. தேதியை மறக்காதீர்கள், பின்னால் கணக்குக்கு வேண்டும்.

மூன்று பேருக்கு ஜிரா மாதிரி வேலைகளைப் பின்தொடரும் மென்பொருள் எல்லாம் வேண்டாம். ஒரே அறையில் உட்காருகிறீர்கள் என்றால் ட்ரெல்லோ மாதிரி எளிய ஆன்லைன் போர்டுகூட வேண்டாம், சுவரே நல்லது. ஒன்று மட்டும்: மலையில் இருப்பவர்கள் ஒட்டுச்சீட்டை நம்பாதீர்கள். ஜூலை மூடுபனியில் இரண்டாம் நாளே பசை விட்டு, காலையில் வந்து பார்த்தால் ஏழெட்டுச் சீட்டு தரையில் கிடந்தது. எது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து. இப்போது ஒரு தெர்மாக்கோல் அட்டை, குண்டூசி, பழைய விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கம். இரண்டு மழைக்காலம் தாங்கிவிட்டது.

படி 3: வரம்பு (இங்கேதான் நான் விழுந்தேன்)

முதல் நாள் எல்லாக் கார்டையும் குத்தி முடித்ததும் எண்ணினோம். மூன்று பேர் கையில் 11 வேலை. வாரத்துக்கு முடிந்துகொண்டிருந்தது சராசரியாக 2.

ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. கையில் உள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரி வாரங்கள் கிடைக்கும். வரத்தும் போக்கும் ஓரளவு சமமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 11-ஐ 2-ஆல் வகுத்தால் ஐந்தரை வாரம், அதாவது 38 நாளுக்குச் சற்று மேல். பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ஏஜென்ட் அண்ணனுக்கு நாங்கள் துரோகம் ஒன்றும் செய்யவில்லை, எங்கள் சுவர் அன்றே சொல்லியிருக்கும் தேதியில்தான் கொடுத்திருக்கிறோம்.

எனவே வரம்பு: மூன்று பேருக்கு மொத்தம் 4 கார்டு. ஒன்று வெளியே போனால்தான் புதிதாக ஒன்று உள்ளே வரும்.

எங்கள் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் இது புதிதே இல்லை. கொழுந்து குவியும் மாதங்களில் "நாளைக்கு இத்தனை கிலோதான்" என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். இலையை வாட்டும் தொட்டி கொள்வது கொஞ்சம்தான். மீறி வாங்கினால் சாக்கிலேயே இலை சூடேறிச் சிவந்துபோகும், தூள் கெடும். எழுதி முடித்து வெளியே போகாத கோடும் சாக்கில் அழுத்திய கொழுந்து மாதிரிதான். நாலு நாள் கழித்துத் தொட்டால் சுடும், ஏன் அப்படி எழுதினோம் என்று நமக்கே மறந்திருக்கும். பறிக்காமல் விட்டால் செடியிலும் இலை முற்றுமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் தொடங்காத கோரிக்கை முற்றுவதில் ஒரு லாபம் உண்டு: பாதிக்குப் பாதி, அது தேவையே இல்லை என்று கேட்டவரே சொல்லிவிடுவார்.

சரி, நான் விழுந்த கதை. வரம்பு போட்ட மூன்றாம் நாள் நாலு கார்டும் நிறைந்துவிட்டது. ஒரு வேலை ஏஜென்ட்டின் பதிலுக்காக நின்றது. "இது நம்ம கையில் இல்லையே" என்று 'காத்திருப்பு' என ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து, கார்டை அங்கே தள்ளிவிட்டுப் புதியதை எடுத்தேன். அந்தக் கட்டத்துக்கு வரம்பு போடவில்லை. இரண்டு வாரத்தில் அங்கே 7 கார்டு. 4-ம் 7-ம் 11. போர்டு பார்க்க அழகாக இருந்தது, வேலை மட்டும் பழையபடியே.

திருத்தம் இதுதான்: நிற்கும் வேலையும் கையில் உள்ள வேலைதான். அதே கட்டத்தில், அதே வரம்புக்குள் இருக்கட்டும். அடையாளத்துக்குச் சிவப்புக் குண்டூசி. ஒரு நாளுக்கு மேல் சிவப்பு நின்றால் யாராவது போன் எடுக்க வேண்டும், இல்லை பைக்கை எடுக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் வரும். வரம்பு நிறைந்திருக்கும், ஒருவருக்குக் கை காலியாக இருக்கும். நமக்குச் சும்மா இருக்க வராது, புதியதைத் தொடங்கக் கை பரபரக்கும். தொடங்காதீர்கள். போர்டை வலமிருந்து இடமாகப் பாருங்கள். ரிவ்யூவுக்கு ஏதாவது நிற்கிறதா? முதலில் அது. சோதனை எழுத வேண்டுமா? அது. எதுவுமே இல்லையென்றால் ஒரு டீ குடிக்கலாம், தவறில்லை.

படி 4: ரிலீஸை மலிவாக்குங்கள்

அந்த 15 நாள் ஏன்? எடை போடும் கொட்டகைகள் பல பள்ளத்தில் இருக்கின்றன, சிக்னல் கிடையாது. ஒன்பது கொட்டகைக்கும் பைக்கில் போய் ஆப்பை மாற்ற முழுதாக இரண்டு நாள் ஆகும். அதனால்தான் மாதம் ஒருமுறை, மூட்டையாக. மூட்டையில் எட்டு மாற்றம் போனால், ஏதாவது உடையும்போது எட்டில் எது என்று தேட வேண்டும்.

டொயோட்டாவிலும் இதே சிக்கல் இருந்தது. தகட்டை அழுத்திப் பாகமாக்கும் பிரஸ்ஸில் அச்சு மாற்ற மணிக்கணக்கில் ஆனதால், ஒருமுறை மாட்டினால் ஒரே பாகத்தைக் குவியலாக அடிக்கத் தோன்றும். ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் அந்த நேரத்தைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவரும் முறையை வகுத்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பது கட்டுபடியானது. ஆகவே "அடிக்கடி ரிலீஸ் செய்" என்று குழுவை விரட்டாதீர்கள். செய்வதற்கு ஆகும் செலவை முதலில் இறக்குங்கள்.

டேப்லெட் இரவில் ஏஜென்ட் வீட்டுக்குப் போய் சிக்னல் கிடைத்ததும் தானாகப் புது ஆப்பை இறக்கிக்கொள்ளும்படி செய்தோம். பழைய பதிப்பும் கூடவே இருக்கும், ஒரு பட்டன் தொட்டால் திரும்பிவிடலாம். இதற்கு இரண்டு வாரம் பிடித்தது. இப்போது வாரம் இருமுறை ரிலீஸ்.

படி 5: உடைந்தால் எல்லோரும் நிறுத்துங்கள்

டொயோட்டாவில், தவறு கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்று வைத்திருந்தார்கள். நம் கயிறு, மெயின் கிளையில் (எல்லோருடைய கோடும் சேரும் இடம்) தோற்றுச் சிவப்பாகும் சோதனை. அது பச்சையாகும் வரை மூன்று பேரும் வேறெதையும் தொடுவதில்லை. சொல்ல வேறொன்றும் இல்லை, செய்வதுதான் கஷ்டம்.

இப்போதைய கணக்கு: கையில் 4, வாரத்துக்கு முடிவது 3, ஒரு வேலைக்குச் சுமார் 9 நாள்.

பின்சேர்க்கை 1: "நான் தனி ஆள், எனக்கு வரம்பு எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு. ஒன்று என்று வைத்தால், அது யாருக்காகவாவது நிற்கும் முதல் நாளே விதியை மீறுவீர்கள்.

பின்சேர்க்கை 2: "அவசரம் என்று வந்தால்?" இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அவசரத்துக்குப் போர்டின் மேலே ஒரே ஒரு இடம் வைத்திருக்கிறோம். அதில் ஒரு கார்டு ஏறினால், யார் எடுக்கிறாரோ அவர் தன் பழைய கார்டில் சிவப்பு ஊசி குத்திவிட்டு வர வேண்டும். இரண்டாவது அவசரம் வந்தால், கேட்டவர்கள் இருவரையும் போனில் இணைத்து, "யாருடையது முதலில்னு நீங்களே பேசிச் சொல்லுங்கண்ணா" என்று விட்டுவிடுகிறேன். இதுவரை மூன்று முறை அப்படிச் செய்தேன். மூன்று முறையும் ஒருவர், "சரி தம்பி, என்னது அடுத்த வாரம்கூடப் போதும்" என்றார்.