பனிமலையில் ஒரு விடுமுறை வீடு: சுவிஸில் வாங்குவதற்கு முன்

பேர்ணில் அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரிப்பது என் தொழில். வாலிஸ் மாநிலத்தின் பெட்மர்ஆல்பில் எனக்கும் மனைவிக்கும் சிறிய ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது. பனிச்சறுக்கு ஊரில் வீடு வாங்க விரும்பும் நம்மவர்கள் அடிக்கடி என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: பல்கனியில் நின்று மலையைப் பார்ப்பதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள்.

சுவிஸ் கடவுச்சீட்டோ சி எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதியோ உள்ளவர்களுக்குத் தடை எதுவும் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான பி அனுமதியில் இருக்கும் இலங்கைக் குடியுரிமையாளர் தாம் குடியிருக்கும் வீட்டை வாங்கலாம். விடுமுறை வீட்டுக்கோ, வெளிநாட்டவர் சொத்து வாங்குவதைக் கட்டுப்படுத்தும் லெக்ஸ் கோலர் சட்டப்படி தனி அனுமதி தேவை. லண்டனிலும் டொரன்டோவிலும் உள்ள உறவினருக்கும் அப்படியே. அந்த அனுமதிகள் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1,500 தான். மாநிலம் அறிவித்த சுற்றுலா ஊர்களில் மட்டுமே கிடைக்கும். பொதுவாக 200 சதுர மீட்டருக்கு மேல் வாங்க முடியாது. அவர்களுக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சட்டத்தை அப்படி ஏய்ப்பது தண்டனைக்குரிய குற்றம்.

அடுத்தது ஒரு தேதி: 2012 மார்ச் 11. எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள், அதாவது யாரும் நிரந்தரமாகக் குடியிருக்காத விடுமுறை வீடுகள், மொத்த வீடுகளில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று மக்கள் வாக்களித்த நாள் அது. பிரபலமான பனிச்சறுக்கு ஊர்களில் பெரும்பாலானவை அந்த வரம்பை ஏற்கெனவே தாண்டியவை. அந்த நாளில் சட்டப்படி இருந்த, அல்லது கட்ட அனுமதி பெற்றிருந்த வீட்டை விடுமுறை வீடாக வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். அதற்குப் பின் அங்கே கட்டிய வீடுகள் பலவற்றுக்கு, 'நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு மட்டும்' என்பது போன்ற கட்டுப்பாடு குருண்ட்பூக் எனப்படும் காணிப் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். விளம்பரத்தில் ஒரு வீட்டின் விலை பக்கத்து வீட்டைவிட மிகவும் குறைவாக இருந்தால், பதிவேட்டின் பிரதியை வாங்கி இந்தக் குறிப்பைத் தேடுங்கள். தரகர் வாயால் சொல்வது போதாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஓய்வூதிய நிதியிலிருந்தோ, வரிச் சலுகையோடு ஓய்வுக்காலத்துக்கு நீங்களே சேமிக்கும் மூன்றாம் தூண் (3a) சேமிப்பிலிருந்தோ விடுமுறை வீட்டுக்கு எடுக்க முடியாது. அவை நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும். குடியிருக்கும் வீட்டுக்கு 20 விழுக்காடு சொந்தப் பணம் கேட்கும் வங்கிகள் இதற்கு இன்னும் கூடுதலாகக் கேட்கும். இன்றைய வட்டி குறைவாக இருந்தாலும், வங்கி சுமார் 5 விழுக்காடு என்று வைத்தே உங்களால் தாங்க முடியுமா என்று கணக்குப் போடும்.

இனி, எனக்கு மிக முக்கியமானதாகப் படும் விடயம். நீங்கள் வாங்குவது நான்கு சுவர்களை மட்டும் அல்ல. கூரை, கொதிகலன், லிஃப்ட் எல்லாவற்றிலும் ஆயிரத்தில் இத்தனை என்று ஒரு பங்கையும் வாங்குகிறீர்கள். ஆகவே உரிமையாளர் கூட்டங்களின் கடந்த ஐந்து ஆண்டு அறிக்கைகளைக் கேட்டு வாங்கி, ஒரு வரி விடாமல் படியுங்கள். "கூரை வேலை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்ற வாக்கியம் இரண்டு அறிக்கைகளில் வந்தால், அந்தக் கூரைக்கு நீங்களும் பணம் கட்டப் போகிறீர்கள். பெரிய திருத்த வேலைகளுக்காக உரிமையாளர்கள் சேர்ந்து சேமிக்கும் புதுப்பிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கட்டடம் 1970களில் எழுந்தது, நிதியோ ஏறக்குறைய வெறுமை என்றால், விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள், குறைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இத்தகைய கட்டடங்கள் பல இன்னும் மின்சாரத்தால் சூடாக்கப்படுகின்றன. குளிர்கால மின் கட்டண ரசீதைக் கேட்டுப் பாருங்கள். 1990க்கு முந்திய கட்டடம் என்றால் குளியலறை ஓடுகளின் பசையிலும் தரை விரிப்பின் அடியிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் எதையும் உடைக்க வேண்டாம். நிலவறைக்கும் இறங்குங்கள். உரிமையாளர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பது கொதிகலன் அறையின் சுத்தத்தில் தெரியும்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது உயரம் முக்கியம். தாழ்வான ஊர்களில் இயற்கைப் பனி ஆண்டுக்கு ஆண்டு நம்ப முடியாததாகி வருகிறது. பெட்மர்ஆல்ப் 1,900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கார் போகாத ஊர். கீழே பெட்டன் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி கேபிள் காரில் ஏற வேண்டும். கட்டிலும் குளிர்பெட்டியும் அதே வழியில்தான் மேலே வரும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் மட்டும் போய்ப் பார்த்து முடிவெடுக்காமல் நவம்பரிலும் ஒருமுறை போய்த் தங்குங்கள். எந்தக் கடை திறந்திருக்கிறது, மருத்துவர் எங்கே இருக்கிறார், கேபிள் கார் கடைசியாக எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

கெமைண்டே எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் அபாய வரைபடத்தைக் கேளுங்கள். பனிச்சரிவு, பாறைச்சரிவு, வெள்ளம் ஆகியவற்றுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வலயங்கள் குறித்திருப்பார்கள். சிவப்பு வலய வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2025 மே 28 அன்று பனியாறு சரிந்து பிளாட்டன் கிராமத்தைப் புதைத்தது இதே வாலிஸ் மாநிலத்தில்தான். வேறு பல மாநிலங்களில் உள்ளதுபோல் வாலிஸில் அரசுக் கட்டடக் காப்புறுதி கிடையாது. கட்டடத்துக்குத் தனியார் காப்புறுதி இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு என்று ஒப்பந்தத்தையே காட்டச் சொல்லுங்கள். நிலநடுக்கம் வழக்கமான காப்புறுதியில் அடங்காது. சுவிஸில் நிலநடுக்க ஆபத்து மிகுந்த மாநிலங்களில் வாலிஸும் ஒன்று.

வரியும் மாறப் போகிறது. 2025 செப்டம்பர் 28 வாக்கெடுப்பில் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டால் கிடைக்கக்கூடிய தொகையை வருமானமாகக் கருதி விதிக்கும் 'கற்பனை வாடகை' வரியை நீக்க மக்கள் ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு, இரண்டாம் வீடுகள் மீது மாநிலங்கள் தனி வரி விதிக்கலாம். பராமரிப்புச் செலவைக் கழிக்கும் சலுகையும் பெரும்பாலும் போய்விடும். பெரிய திருத்த வேலை உள்ள வீடு என்றால், புதிய முறை நடைமுறைக்கு வருமுன் அதைச் செய்து முடிக்க முடியுமா என்று வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

உறுதி எழுதுவது நொத்தாரிசின் முன்னிலையில். விற்பவர் கட்ட வேண்டிய இலாப வரியை அவர் கட்டாமல் போனால், பல மாநிலங்களில் அந்தக் கடன் வீட்டின் மேல் ஏறும். அந்தத் தொகையை விலையிலிருந்து பிரித்து நொத்தாரிசிடமே வைக்கும்படி உறுதியில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பத்தியில் முடிகிற விடயம் இது. நீங்கள் கேட்டால்தான் எழுதுவார்கள்.