லிஸ்பனில் பில்லைப் பார்த்து முழிக்காமல் காபியும் பீரும் குடிப்பது எப்படி

விசா, ஃப்ளைட், ரூம் எல்லாம் நீங்களே பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக லிஸ்பன் தெருவுக்கு வந்துவிடுகிறேன். முதல் தடவை போனபோது தினமும் ஏதாவது ஒரு கடையில் அசடு வழிந்தேன். இரண்டாம் தடவை பாதிச் செலவில் இரண்டு மடங்கு கடைகள் ஏறி இறங்கினேன். நடுவில் புரிந்தது ஒன்றுதான்: அந்த ஊரில் என்ன குடிக்கிறோம் என்பதைவிட எங்கே நின்று குடிக்கிறோம் என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கிறது.

படி 1: நிற்கும் இடம்

பல கடைகளில் விலைப்பட்டியலில் ஒரே காபிக்கு இரண்டு, மூன்று விலை இருக்கும். பல்காவ் என்றால் கவுன்ட்டர். மேஸா என்றால் நம் மேசையேதான் (மேசை, ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் நமக்கு விட்டுப்போன சொற்கள், அதனால் பட்டியலைப் படிப்பது நினைப்பதைவிடச் சுலபம்). எஷ்பிளனாடா என்றால் வெளியே குடை விரித்துப் போட்டிருக்கும் நாற்காலி. விலை இந்த வரிசையில்தான் ஏறும். காலை காபியைக் கவுன்ட்டரில் நின்றபடி இரண்டு வாயில் முடித்துவிடுங்கள், சாதாரணக் கடையில் ஒரு யூரோவை ஒட்டித்தான் வரும். உட்காரும் ஆசையை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சில பேக்கரிகளில் 'ப்ரே-பகமெந்து' என்று ஒரு போர்டு இருக்கும். முதலில் கல்லாவில் காசு கட்டி, சீட்டை வாங்கிக் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். நம் ஊர் டோக்கன் கடை மாதிரியேதான். அது தெரியாமல் கவுன்ட்டரில் பத்து நிமிடம் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறேன், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1837 முதல் நடக்கும் பாஷ்டெய்ஷ் த பெலேங் கடையில், வாசலில் பார்சல் வரிசை தெரு வரை நிற்கும். அதைப் பார்த்துப் பயப்படாமல் உள்ளே போய் உட்காருங்கள். அறை அறையாகப் போய்க்கொண்டே இருக்கும், இடம் கிடைத்துவிடும். அங்கே கிடைக்கும் முட்டைக் கிரீம் டார்ட்டைச் சூடாக, பட்டைத்தூள் தூவிச் சாப்பிட வேண்டும், பார்சல் கட்டி ஆறவைப்பது பாவம்.

படி 2: காபியின் பெயர்

சும்மா 'காபி' என்று கேட்டால் விரல் நீளக் கோப்பையில் கறுப்பாக ஒன்று வரும். அதற்கு லிஸ்பனில் பிகா என்று பெயர். 'சர்க்கரை போட்டுக் குடி' என்று பொருள்படும் போர்த்துகீசிய வாசகத்தின் முதலெழுத்துகளே பிகா என்று 1905-இல் திறந்த அ பிரசிலெய்ரா கடையை வைத்து ஒரு கதை சொல்வார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. கவிஞர் பெஸ்ஸோவாவின் வெண்கலச் சிலை வாசலில் உட்கார்ந்திருக்கும் கடை அது. சிலையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், காபியை உள்ளே கவுன்ட்டரில் குடியுங்கள்.

நம் நாக்குக்கு மெய்யா த லெய்த்த. பாதி பால், பாதி டிகாஷன், கோப்பையில் வரும். கலாவ் என்பது உயரக் கண்ணாடி டம்ளரில் பால் தூக்கலாக வருவது, எனக்கு அது நோயாளிக்குக் கொடுக்கும் காபி. காரோத்து என்றால் குட்டிக் கோப்பையில் கொஞ்சம் பால் விட்டது. ஃபில்டர் காபி நினைவில் போகிறவர்கள் ஒரு நாளாவது இதைக் குடித்துப் பார்க்க வேண்டும்.

படி 3: கேட்காமல் வரும் தட்டு (நான் விழுந்த குழி)

மாலையில் தாஷ்கா என்னும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்ததும் ரொட்டி, வெண்ணெய், ஆலிவ், சில சமயம் ஒரு வட்டச் சீஸ், எல்லாம் தானாக வந்து உட்காரும். ஊர் மெஸ்ஸில் இலை போட்டதும் ஊறுகாயும் அப்பளமும் வருகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டு முழுவதையும் காலி செய்தேன், போதாததற்கு ரொட்டியை இன்னொரு தடவை கேட்டும் வாங்கினேன். பில் வந்தது. நான் கேட்டு வாங்கிய சுட்ட மத்தி 12 யூரோ. ரொட்டிக்கு ஒரு வரி, ஆலிவுக்கு ஒரு வரி, சீஸுக்கு ஒரு வரி என்று அந்தத் தட்டு மட்டும் 11 யூரோ. கடைக்காரர் ஏமாற்றவில்லை, விலை எல்லாம் மெனுவின் முதல் வரியிலேயே 'கூவெர்' என்று போட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். தட்டு வந்ததும் தொடாதீர்கள். மெனுவில் கூவெர் விலையைப் பாருங்கள். வேண்டுமென்றால் ரொட்டியையும் ஆலிவையும் மட்டும் வைத்துக்கொண்டு, சீஸைக் காட்டி 'நாவ் கேரு, ஒப்ரிகாது' (வேண்டாம், நன்றி) என்று சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துப்போவார்கள். கேட்காமலும் தொடாமலும் இருந்த பண்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று 2015-இல் சட்டமே வந்திருக்கிறது. அப்படியும் பில்லில் ஏறியிருந்தால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள், எல்லாக் கடையிலும் அது இருந்தாக வேண்டும்.

படி 4: இருட்டிய பிறகு

பீருக்கு 'உமா இம்பெரியால்' என்றால் போதும், 20 சென்டிலிட்டர் சின்ன கிளாஸ். பெரியதாகக் கேட்டால் பாதியில் சூடாகிவிடும், சின்னதாக இரண்டு வாங்குவதுதான் என் கட்சி. ரோசியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் 1840 முதல் இருக்கும் அ ஜின்ஜின்யா, கடை என்பதைவிட சுவரில் ஒரு பொந்து. செர்ரி மாதிரியான புளிப்புப் பழத்தை ஊறவைத்த இனிப்பு மது அங்கே குட்டி கிளாஸில் கிடைக்கும். 'கொம் எலாஷ்' என்றால் பழத்தோடு, 'செம் எலாஷ்' என்றால் பழம் இல்லாமல். பழத்தோடு வாங்குங்கள், ஆனால் இனிப்பை நம்பி மூன்றாவது கிளாஸ் போனால் பார்கள் நிறைந்த பைய்ரு ஆல்த்து பேட்டையின் ஏற்றத்தில் ஏற முடியாது. அந்தப் பேட்டையில் பத்து மணிக்குப் போனால் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், பதினொன்றுக்கு மேல்தான் களைகட்டும். வழுவழுப்பான கல் பாவிய தெருக்கள், அதனால் ரப்பர் அடி உள்ள ஷூ கட்டாயம். ஃபாது என்னும் போர்த்துகீசியச் சோகப் பாட்டு பாடும் இடத்துக்குப் போனால் பாட்டு தொடங்கியதும் வாயை மூடிவிட வேண்டும், கிசுகிசுத்தால் பக்கத்து மேசையே அதட்டும்.

கடை தேட நான் நட்சத்திர மதிப்பீட்டை நம்புவதில்லை. மேப்பில் கடையின் புதுப் படங்களைத் திறந்து, கையால் எழுதிய மெனு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஐந்து மொழியில் சாப்பாட்டுப் படம் ஒட்டியிருந்தால் அடுத்த தெரு.

பின்சேர்க்கை: கார்டு எடுபடவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சின்னக் கடைகள் சிலவற்றில் உள்ளூர் கார்டுதான் ஓடும், இருபது யூரோ சில்லறையாகப் பையில் இருக்கட்டும். பணம் எடுக்க நீல நிற 'எம்பி' (MB) சின்னம் உள்ள இயந்திரத்தையே தேடுங்கள். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை, சைவக்காரர்களுக்கு: 'கறி இல்லாமல்' என்று சொல்லி வாங்கிய டோஸ்ட்டுக்குள் ஹாம் இருந்தது என்று ஒருவர் நொந்திருந்தார். 'தோஷ்தா மிஷ்தா' என்றாலே சீஸும் ஹாமும் சேர்ந்ததுதான். 'தோஷ்தா த கெய்ஜு' என்று கேட்டு, கூடவே 'செம் ஃபியாம்ப்ர' என்றும் சொல்லிவிடுங்கள். பச்சையாக இருக்கிறதே என்று கால்து வெர்த் சூப் வாங்கினால் அதிலும் ஒரு துண்டு பன்றி சாசேஜ் மிதக்கும்.

அப்புறம், நன்றி சொல்லும்போது ஆண் 'ஒப்ரிகாது', பெண் 'ஒப்ரிகாடா'. என் மனைவிக்கு நான் பயணம் முழுவதும் தப்பாகச் சொல்லிக்கொடுத்து, கடைசி நாள் பேக்கரிப் பாட்டி அவளைத் திருத்திவிட்டு என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார்.