பூட்டை உடைக்காமல் ஐபோனில் பழைய விளையாட்டுகள்: எமுலேட்டர் நிறுவும் முறை

கல்லடியில் என் வீட்டு அலுமாரியில் இரண்டு கேம்பாய் அட்வான்ஸ் கசெற்றுகளும் ஒரு பிளேஸ்டேஷன் இறுவட்டும் பல வருடங்களாகக் கிடந்தன. அவற்றை ஓட்டிய விளையாட்டுப் பெட்டிகளை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த அக்காவின் மகன் தன் ஐபோனை நீட்டி, "மாமா, இதுல அந்தக் கேம் ஓடுமா?" என்று கேட்டபோது, ஓடும் என்று சொல்வது எளிதாக இருந்தது. ஆனால் இணையத்தில் கிடைத்த வழிகாட்டிகளில் பெரும்பாலானவை காலாவதியானவை என்பதால், சரியான வழியைத் தேடி எடுப்பதற்கு மூன்று மாலை நேரங்கள் செலவாயின. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ட்ரொய்ட் தொலைபேசியில் எந்தச் செயலியின் கோப்பையும் இறக்கி நிறுவலாம். ஐபோனிலோ ஆப்பிள் நிறுவனத்தின் கையொப்பச் சான்றிதழ் இல்லாத எதுவும் திறக்காது. அந்தப் பூட்டைத் தாண்டுவதற்காக முன்பு ஜெயில்பிரேக் செய்தார்கள், அதாவது போனின் பாதுகாப்பையே உடைத்தார்கள், அல்லது நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென வழங்கப்பட்ட சான்றிதழ்களைத் தவறாகப் பயன்படுத்திச் செயலிகளைப் பரப்பினார்கள். மருமகனின் போனிலேயே அப்படியொன்று இருந்தது. கல்முனைப் பக்கம் ஒரு கடையில் போட்டுக் கொடுத்தார்களாம். சில வாரங்களில் ஆப்பிள் அந்தச் சான்றிதழை இரத்துச் செய்தவுடன் படம் மட்டும் திரையில் எஞ்சியது, தொட்டால் திறக்கவில்லை. 2024 ஏப்ரல் 5ஆம் திகதி ஆப்பிள் தன் செயலி மதிப்பாய்வு விதிகளின் 4.7ஆம் பிரிவை மாற்றி, எமுலேட்டர்களை, அதாவது பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் போல நடந்துகொள்ளும் செயலிகளை, ஆப் ஸ்டோரில் அனுமதித்தது. ஏப்ரல் 17ஆம் திகதி டெல்டா என்ற எமுலேட்டரும், மே மாத நடுப்பகுதியில் ரெட்ரோஆர்க், பிபிஎஸ்எஸ்பிபி ஆகியனவும் வந்து சேர்ந்தன. ஆகவே 2024க்கு முற்பட்ட வழிகாட்டி எதுவும் போனை உடைக்கச் சொன்னால் அதை மூடி வைத்துவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது செயலியை அல்ல, போனை. மத்திய கிழக்கிலிருந்து கைமாறி வரும் ஐபோன்களில் முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது நம் பகுதியில் வழக்கமான கதை. அமைப்புகளைத் திறந்தவுடன் மேலே தெரியும் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும். அடுத்ததாக, பொது அமைப்புகளுக்குள் விபிஎன் மற்றும் சாதன மேலாண்மை என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே போனைக் கட்டுப்படுத்தும் அமைப்புக் கோப்பு (சுயவிவரம்) ஏதும் நீங்கள் அறியாமல் இருந்தால் அது கடைக்காரர் போட்டதாகவோ, வேலைத்தலம் போட்டதாகவோ இருக்கலாம். கடைக்காரர் போட்டதை நீக்கிவிடலாம். வேலைத்தலம் போட்டதை அவர்களிடம் கேட்காமல் தொடக்கூடாது.

கேம்பாய் வரிசை, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் நின்டெண்டோவின் பழைய பெட்டிகள், அதன் கையடக்கப் பெட்டியான டிஎஸ் ஆகியவற்றுக்கு டெல்டாவே போதும்; அது இலவசம், விளம்பரமும் கிடையாது. நிறுவும்போது உருவாக்குநரின் பெயரையும் பாருங்கள். விதி மாறிய சில நாட்களிலேயே, டெல்டாவை எழுதிய ரைலி டெஸ்டட்டின் பழைய திறந்த மூலநிரலை எடுத்து விளம்பரங்களைச் சேர்த்த ஐஜிபிஏ என்ற செயலி ஆப் ஸ்டோரில் ஏறியது. ஆப்பிள் அதை விரைவில் நீக்கியது என்றாலும், அத்தகைய போலிகள் மீண்டும் வரலாம்.

எமுலேட்டர் ஒரு வெற்றுப் பெட்டி. விளையாட்டை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலொன்றின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் காப்புக்காக ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. மூலப்பிரதியை விற்றுவிட்டால் காப்புப்பிரதியையும் வைத்திருக்கக்கூடாது. இணையத்தில் கொட்டிக் கிடக்கும் கோப்புகளை இறக்குவதற்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது. கையில் கசெற்றே இல்லாதவர்கள், உருவாக்கியவர்களே இலவசமாகத் தந்திருக்கும் அங்குனா, டோபு டோபு கேர்ள் போன்ற புதிய விளையாட்டுகளில் தொடங்கலாம்.

கசெற்றிலிருந்து பிரதியெடுக்க, கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் கசெற் வாசிப்பான் ஒன்று தேவை. வாங்குவதைவிட வைத்திருக்கும் ஒருவரிடம் இரவல் கேட்பது நல்லது. இரண்டு கசெற்றுக்காக வாங்குவது கட்டுப்படியாகாது. என் கசெற்றைச் செருகியபோது வாசிப்பான் முறைப்பாடின்றி ஒரு கோப்பைத் தந்தது, ஆனால் அது டெல்டாவில் திறந்ததும் வெள்ளைத் திரையோடு நின்றுவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பொன்னிறத் தகடுகளின் ஓரத்தில் பச்சையாக ஒரு படலம் பூத்திருந்தது. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்து, ஒவ்வொரு தகட்டையும் நீளவாக்கில், கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன். நன்றாக உலரவிட்டு இரண்டு முறை பிரதியெடுத்தபோது இரண்டின் செக்சம் எண்களும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்பு எண்கள்) வேறு வேறாக வந்தன. மறுபடி துடைத்த பிறகு எடுத்த இரண்டும் ஒன்றாக வந்தன. இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்; கோப்பின் அளவு சரியாக இருப்பதால் மட்டும் உள்ளடக்கம் சரியென்று ஆகாது.

அதே வாசிப்பானால் சேமிப்புக் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கேம்பாய் கசெற்றுகளில் பலவற்றில் விளையாட்டின் முன்னேற்றத்தைக் காப்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட நாணய வடிவப் பற்றரி. அது தீர்ந்தால் சேமிப்பும் அழியும். எனவே பற்றரியை மாற்ற நினைப்பவர்கள், கசெற்றைத் திறப்பதற்கு முன்பே சேமிப்பை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டொன்று பொதுவாக 32 மெகாபைட்டைத் தாண்டாது என்பதால், கணினியிலிருந்து போனுக்கு அனுப்ப கூகுள் டிரைவோ ஐகிளவுடோ போதுமானது. போனிலுள்ள கோப்புகள் செயலியில் அதைச் சேமித்து, டெல்டாவில் கூட்டல் குறியை அழுத்தித் தெரிவு செய்தால் விளையாட்டு அட்டவணையில் வந்துவிடும். விளையாட்டின் படத்தை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில், சேமிப்புக் கோப்பை உள்ளே எடுக்கவும் வெளியே அனுப்பவும் வழி இருக்கிறது.

இங்கே நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். போனில் இடம் போதாமல், விளையாட்டுக் கோப்புதான் கணினியில் இருக்கிறதே என்று நினைத்து டெல்டாவை நீக்கிவிட்டேன்; மருமகன் ஒரு வாரமாக முன்னேறிய சேமிப்புகளும் செயலியோடு சேர்ந்து போயின. டெல்டாவின் அமைப்புகளில் கூகுள் டிரைவ் அல்லது டிராப்பொக்ஸ் ஒத்திசைவை முதல் நாளே இயக்கியிருந்தால் அது நடந்திருக்காது. இன்னொன்றும் உண்டு: எமுலேட்டர் எந்தக் கணத்திலும் திரையை அப்படியே உறையவைத்துச் சேமிக்கும் வசதி கவர்ச்சியானது, ஆனால் அந்த உறைநிலைக் கோப்பு குறிப்பிட்ட எமுலேட்டரின் உள்ளமைப்போடு கட்டுண்டது, பதிப்பு மாறினால் திறக்காமல் போகலாம். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு முறையையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். அந்தக் கோப்பை வேறு எமுலேட்டருக்கும் கொண்டுபோகலாம்.

பிளேஸ்டேஷன் இறுவட்டுக்கு ரெட்ரோஆர்க் வேண்டும். இறுவட்டு இயக்கியுள்ள கணினியில் படியெடுத்தால் இரண்டு கோப்புகள் கிடைக்கும்: தரவு முழுவதையும் கொண்ட பின் (.bin) கோப்பு, தடங்களின் வரிசையைச் சொல்லும் சிறிய கியூ (.cue) கோப்பு. கியூ என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். அதை நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் மேற்கோள் குறிகளுக்குள் பின் கோப்பின் பெயர் இருக்கும். பின் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு இந்த வரியை மாற்ற மறந்தால் விளையாட்டு திறக்காது, காரணமும் விளங்காது. இரண்டையும் போனிலுள்ள ரெட்ரோஆர்க் கோப்புறைக்குள் இட்டு, கியூ கோப்பையே திறக்க வேண்டும். பெட்டியை இயக்கித் தொடங்கும் நிரலான பயோஸ் கோப்பு 512 கிலோபைட் அளவுடையது, அதுவும் பதிப்புரிமைக்கு உட்பட்டது. உங்கள் பெட்டியிலிருந்து அதை எடுக்க முடியாவிட்டால், பதிலி பயோஸைத் தன்னுள் கொண்ட பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற கருவை (ரெட்ரோஆர்க்குக்குள் ஓடும் எமுலேட்டரை) தெரிவு செய்து முயன்று பாருங்கள். சில விளையாட்டுகள் அதில் தடுமாறும்.

சோனியின் கையடக்கப் பெட்டியான பிஎஸ்பிக்கு பிபிஎஸ்எஸ்பிபி, அதற்குப் பயோஸே தேவையில்லை.

இதற்கு மேல் போக விரும்புபவர்கள் ஒரு தடையைப் புரிந்துகொள்ள வேண்டும். எமுலேட்டர் வேகமாக ஓடுவதற்கான சிறந்த வழி, பழைய பெட்டியின் கட்டளைகளை ஓடும்போதே கூட்டங்கூட்டமாகப் போனின் கட்டளைகளாக மொழிபெயர்த்து நினைவகத்தில் எழுதி, அங்கிருந்தே இயக்குவதாகும். இதை ஜிட் என்பார்கள். தான் எழுதிய நினைவகப் பகுதியைத் தானே இயக்குவதற்கு ஆப் ஸ்டோர் செயலிகளை ஆப்பிள் விடுவதில்லை. இணைய உலாவியின் எஞ்சினுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. எனவே ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியே வாசித்து விளங்கி நடத்த வேண்டியிருக்கிறது. 16.78 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடிய கேம்பாய் அட்வான்ஸுக்கு அந்தச் சுமை ஒன்றுமில்லை. 333 மெகாஹேர்ட்ஸ் வரை ஓடிய பிஎஸ்பியைப் புதிய ஐபோன்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. 486 மெகாஹேர்ட்ஸ் கொண்ட நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு அது போதாது. அதனால்தான் கேம்கியூப் எமுலேட்டரான டொல்பின் ஆப் ஸ்டோரில் இல்லை.

அதையும் ஓட்டியே தீர வேண்டுமென்றால், ஆல்ட்ஸ்டோர் (AltStore) என்ற கருவி மூலம் கணினியின் துணையோடு சொந்த ஆப்பிள் கணக்கில் கையொப்பமிட்டு நிறுவும் வழி இருக்கிறது. ஐஓஎஸ் 16 முதல் இதற்குப் போனின் அமைப்புகளில் உருவாக்குநர் நிலையை (Developer Mode) இயக்க வேண்டும். இலவசக் கணக்கில் கையொப்பம் 7 நாட்களே நிற்கும், ஒரே நேரத்தில் 3 செயலிகளுக்கு மேல் இயங்காது; ஆண்டுக்கு 99 டொலர் கட்டினால் ஒரு வருடம் நிற்கும். ஜிட்டை இயக்குவது அதற்கும் மேலான தனி வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதிக்கப்பட்ட மாற்றுச் செயலிக் கடைகள் இலங்கையில் கிடையா. என்னைக் கேட்டால், கேம்கியூப் விளையாட ஒரு பழைய மடிக்கணினியை எடுப்பது குறைந்த தலையிடி.

திரைத் தொடுபொத்தான்கள் நம் ஊர் வெக்கையில் வியர்வை விரலுக்குச் சரிவராது. பிளேஸ்டேஷன் 4 கைக்கருவி இருந்தால், அதன் ஷெயார் பொத்தானையும் நடுப் பொத்தானையும் விளக்கு மின்னும்வரை சேர்த்து அழுத்திப் பிடித்து, புளூடூத் பட்டியலில் இணைத்துக்கொள்ளலாம்.

மருமகன் இப்போது டோஹாவில் தன் போனிலும், நான் கல்லடியில் ஐபேடிலும் ஒரே சேமிப்பைப் பகிர்ந்து விளையாடுகிறோம். இரண்டிலும் ஒரே கூகுள் டிரைவ் கணக்கு. அவன் முடித்துவிட்டேன் என்று செய்தி அனுப்பிய பிறகுதான் நான் திறப்பேன், திறந்தவுடன் ஒத்திசைவை ஒருமுறை ஓடவிடுவேன். இருவரும் ஒரே நேரத்தில் ஆடிவிட்டால் டெல்டா முரண்பாடு என்று காட்டி எந்தப் பிரதியை வைப்பது எனக் கேட்கும். அப்போது திகதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டே தெரிவு செய்யுங்கள்.