கீசரில் வெந்நீர் வராதபோது பார்க்க வேண்டியவை

பனி நாடுகளைப் போலக் குழாய்க்குள் நீர் உறைந்து பாய்லர் நின்றுபோகும் தொல்லை குமரி மாவட்டத்தில் இல்லை. ஆயினும், கோடையில் மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த கீசர் ஐப்பசி மழையிலும் மார்கழி விடியலிலும் தினமும் ஓடத் தொடங்கும்போதுதான் அதன் குறைகள் வெளிப்படுகின்றன. தென்னையின் கொதும்பும் (பாளை) கதம்பையும் (தேங்காய் மட்டை) எரித்து வெந்நீர் வைத்த காலத்தில் புகை மட்டுமே தொல்லை. இப்போது மின்சாரமும் தண்ணீரும் ஒரே தொட்டிக்குள் இருப்பதால், எதைத் தொடுவதற்கு முன்பும் எம்சிபியை (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துவிட வேண்டும்.

கீசரின் விளக்கே எரியவில்லை என்றால், எம்சிபி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒருமுறை மட்டும் ஏற்றலாம். மறுபடியும் விழுந்தால் எலக்ட்ரீஷியனை அழைப்பதே சரி. 2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருந்தால் பிளக் உருகியிருக்கவும் கூடும். விளக்கு எரிந்தும் நீர் சூடாகவே இல்லையெனில், பெரும்பாலும் எலமென்ட் (நீரைச் சூடாக்கும் மின்கம்பி) அறுந்திருக்கும்.

சூடாகத் தாமதமானால் உடனே கருவியைக் குறை சொல்ல வேண்டாம். 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரி செல்சியசுக்கு ஏற்ற, 2000 வாட் கீசருக்கு 230 வோல்ட்டில் சுமார் 16 நிமிடம் ஆகும். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால் அதே வேலைக்கு ஏறக்குறைய 26 நிமிடம் வேண்டும். மின்னழுத்தம் சரியாக இருந்தும் தாமதமாகிறது, உள்ளே கடகடவென்று சத்தமும் கேட்கிறது என்றால், எலமென்டில் உப்புப் படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். கடலோரத்தில் உவர்ப்பான போர் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது எளிதில் நேரும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்குவதற்கு முன்பே, எலமென்டைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்து மெலிந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடலாம். சூட்டைக் கூட்டக் கூட உப்பு அதிகமாகப் படியும் என்பதால், 55 அல்லது 60 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. வேலை முடிந்த பின், வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக ஒழுகி வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் புது எலமென்டும் கருகிவிடும்.

குழாயைத் தொடும்போது லேசாக ஷாக் அடித்தாலும், அன்றைக்கு வெந்நீர்க் குளியல் வேண்டாம். எர்த் இணைப்பு அறுந்திருக்கலாம், எலமென்டின் உறை வெடித்திருக்கலாம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால், கீசர் வாங்கும் செலவோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சூடேறும்போது பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை: 15 லிட்டர் நீர் 65 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய கால் லிட்டர் விரிவடைகிறது, அது வெளியேற வழி வேண்டும். சொட்டுகிறதே என்று அந்த வால்வை அடைத்துவிடுவதுதான் ஆபத்து. கீசர் அணைந்து ஆறிய பிறகும் சொட்டு நிற்கவில்லையென்றால் வால்வை மாற்றச் சொல்லுங்கள்.